அத்தைப்பாட்டியோட இனிஷியல் ஏன் வேற?

போன எபிசோடு முடியும்போது, "அடுத்த வாரம் ஒரு பெட்டியத் திறக்கப் போறோம்"னு சொல்லிட்டுப் போனேன். நிறைய பேர் ஏதோ டெக் ரிவ்யூன்னு நினைச்சுட்டீங்க. இல்லைங்க, நிஜமாவே பெட்டி. பச்சை பெயிண்ட் அடிச்ச தகரப் பெட்டி. முசிறி பக்கத்துல எங்க ஊர் வீட்டுப் பரண்ல, 50 வருஷத்துக்கு மேல அப்படியே கிடந்தது.

ஒரு விஷயத்தை முதல்லயே சொல்லிடுறேன். இதுல வர்ற எல்லாரும் என் வீட்டு ஆளுங்க, அதனால யார் பேரையும் சொல்லப் போறதில்ல. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஸ்கிரிப்ட்டைக் காட்டினேன். மூணு இடத்துல கோடு போட்டுக் குடுத்தா. அந்த மூணும் இங்க இல்ல.

அக்காகிட்ட இருந்துதான் இது ஆரம்பிச்சது. அவளுக்கு 31 வயசு. விவாகரத்து ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. போன வருஷக் கடைசியில, கூட வேலை பாக்குற ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு வீட்டுல சொன்னா. அப்பா கத்தல, டிவி சவுண்டைக் குறைச்சாரு. "நம்ம வம்சத்துலயே ரெண்டாம் கல்யாணம்னு ஒண்ணு நடந்ததில்லம்மா"ன்னாரு. அவ்வளவுதான். கோபப்பட்டா திருப்பிக் கோபப்படலாம். வம்சத்தைக் கூப்பிட்டா என்ன பண்றது?

ஜனவரியில போகிக்கு ஊருக்குப் போனோம். பரணைச் சுத்தம் பண்ணும்போது அந்தப் பெட்டி இறங்குச்சு. "பழைய பேப்பர்தான், எரிச்சுரலாம்"னாரு அப்பா. பெட்டிக்குள்ள மேல இருந்த பழுப்புக் கவர்ல மலேசியா ஸ்டாம்ப் இருந்தது. அதைப் பாத்துட்டு, நான் பெட்டியைத் தூக்கிட்டு மாடிக்குப் போயிட்டேன்.

மலேசியா எப்படி வருதுன்னா, எங்க வீட்டுல கடல் தாண்டுன முதல் ஆள் என் அப்பாவோட அப்பாயி. எனக்குக் கொள்ளுப்பாட்டி. வீட்டுல எல்லாருக்கும் அவங்க "மலேயா அப்பாயி". கூடத்துல அவங்க போட்டோவும் கொள்ளுத்தாத்தா போட்டோவும் ஜோடியா மாட்டியிருக்கும். 1937ல கங்காணி மூலமா மலேயா போனாங்க. 1970ல திரும்பி வந்தாங்க. 1989ல இறந்துட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச வரலாறு இந்த மூணு வருஷம்தான்.

கங்காணின்னா தெரியாதவங்களுக்கு: தோட்டத்துத் துரை, தன்கிட்ட வேலை செய்யுற ஒருத்தரையே அவர் சொந்த ஊருக்கு அனுப்பி, "உன் ஜனங்களைக் கூட்டிட்டு வா"ம்பாரு. தலைக்கு இவ்வளவுன்னு அவருக்குக் கமிஷன். அதான் ஒரே ஊர்லயிருந்து, ஒரே தெருவிலயிருந்து மொத்தமா போனாங்க. நாகப்பட்டினத்துல கப்பல் ஏறி, பினாங்குல இறங்கி, அங்க புலாவ் ஜெரெஜாக்னு ஒரு தீவுல நோய் ஒட்டாம இருக்க ஒதுக்கி வச்சுட்டுத்தான் தோட்டத்துக்கு அனுப்புவாங்க. ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுற வேலை. நிர்ணயிச்ச கூலி ஆணுக்கு ஒரு நாளைக்கு 50 காசு, பொண்ணுக்கு 40 காசு. 1938 ஜூன்ல இந்திய அரசாங்கம் இப்படி உதவிப் பணத்துல ஆள் கூட்டிட்டுப் போறதையே தடை பண்ணிடுச்சு. அப்பாயி ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா நான் இன்னிக்கு இந்த மைக் முன்னாடி இல்ல.

சரி, பெட்டி. உள்ள இருந்தது: சிவப்பு அடையாள அட்டை ஒண்ணு, 1970ல ஊர் திரும்பின பயணப் பத்திரம், தாத்தாவோட பிறப்புச் சான்று, ஒரு பிறப்புப் பதிவு நகல், ஏரோகிராம் கடிதங்கள் ஒரு கட்டு, மொய் நோட்டு, நாலு கல்யாணப் பத்திரிகை, பெரியாஸ்பத்திரி சீட்டு ஒண்ணு.

நான் என்ன பண்ணுவேன்? எக்செல் ஷீட் போட்டேன். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு வரிசை. எப்ப எழுதினது, யார் சொல்லி யார் எழுதினது, பேர், வயசு, புருஷன் பேர், அப்பா பேர். முதல் நாளே ஷீட் சிரிக்க ஆரம்பிச்சிருச்சு. சிவப்பு அட்டைப்படி அப்பாயி பொறந்தது 1919. பயணப் பத்திரத்துல 1922. ஆஸ்பத்திரி சீட்டுல 1989ல வயசு 75, அதாவது 1914. பேரும் மூணு ஸ்பெல்லிங். லட்சுமிங்கிற பேரை மலேசியாவுல லெட்சுமின்னு உச்சரிச்சு, அதை இங்கிலீஷ்ல கிராணி அவர் காதுக்குக் கேட்ட மாதிரி எழுதுவாரு. அந்த மாதிரி. நீங்க யாராவது இப்படித் தேடுறதா இருந்தா, பேரை ஒரே ஸ்பெல்லிங்ல தேடாதீங்க. வாயில சொல்லிப் பாத்து, தமிழ் தெரியாத ஒருத்தர் எப்படி எழுதியிருப்பாருன்னு யோசிச்சு அத்தனை விதமாவும் தேடுங்க.

அடையாள அட்டை 1948ல வந்தது. அந்த வருஷம் ஜூன்ல சுங்கை சிப்புட்ல தோட்டத்துரைகள் மூணு பேரைச் சுட்டுக் கொன்னாங்க, அவசரகாலம் அறிவிச்சாங்க, அப்புறம்தான் 12 வயசுக்கு மேல எல்லாருக்கும் கார்டு. எங்க ஆளுங்க இருந்த தோட்டமும் அந்தப் பக்கம்தான். கலருக்கு வேற அர்த்தம் உண்டு. நீலம்னா குடிமகன். சிவப்புன்னா அங்கயே இருக்கலாம், ஆனா குடிமகன் இல்ல. 1969ல குடியுரிமை இல்லாதவங்களுக்கு வேலை செய்யத் தனி அனுமதிச் சீட்டு வேணும்னு ஆனதும் சிவப்பு கார்டுக்காரங்க கூட்டம் கூட்டமா ஊர் திரும்பினாங்க. அதுலதான் எங்க குடும்பமும். அப்பாவுக்கு அப்ப ரெண்டு வயசு.

திரும்பாம அங்கயே நின்னுட்டவங்க ஒருத்தர். தாத்தாவோட அக்கா. எனக்கு அத்தைப்பாட்டி. அவங்க விண்ணப்பம் போட்டு நீல கார்டு வாங்கியிருந்தாங்க. இப்ப அவங்களுக்கு 86 வயசு.

பெட்டியில அவங்க கார்டோட ஜெராக்ஸ் காப்பி ஒண்ணு இருந்தது. தாத்தா ஒரு தடவை அவங்களைப் பாக்கப் போனப்போ விசாவுக்காக அனுப்பினது. மலேசியாவுல தமிழ்ப் பொண்ணுங்க பேருக்கு நடுவுல "ஏ/பி"ன்னு இருக்கும். அனாக் பெரம்புவான். இன்னாருடைய மகள்னு அர்த்தம். இங்க கல்யாணம் ஆனா பாதிப் பேருக்கு இனிஷியல் மாறிடும். அங்க மாறாது. பொறந்தப்போ என்ன அப்பா பேரோ, சாகுற வரைக்கும் அதுதான்.

அத்தைப்பாட்டி கார்டுல ஏ/பிக்கு அப்புறம் இருந்த பேர் எங்க கூடத்துல மாட்டியிருக்கிற கொள்ளுத்தாத்தா பேர் இல்ல.

அப்பாகிட்ட காட்டினேன். "ஆபீஸ்காரன் தப்பா எழுதியிருப்பான்"னாரு. நியாயமான பதில். 1914, 1919, 1922ன்னு எழுதினவங்கதானே! சரின்னு அடுத்த காகிதத்தை எடுத்தேன். அந்தப் பிறப்புப் பதிவு நகல் அத்தைப்பாட்டியோடது. 1939. அதுலயும் அப்பா இடத்துல அதே வேற பேர். எனக்கு ஒரே சந்தோஷம், ரெண்டு சாட்சி கிடைச்சாச்சுன்னு. ராத்திரி படுத்தப்புறம்தான் உறைச்சது. அந்தக் கார்டே பிறப்புப் பதிவைப் பாத்துத்தானே எழுதியிருப்பாங்க? ஒண்ணு இன்னொண்ணோட காப்பி. அப்ப சாட்சி ரெண்டு இல்ல, ஒண்ணுதான். கோட் ரிவ்யூல ஜூனியர் பசங்களை இதுக்குத்தான் நான் வறுத்தெடுப்பேன்.

மூணாவது சாட்சி கல்யாணப் பத்திரிகைகள்ல இருந்தது. 1958, ஈப்போவுல அச்சடிச்சது. மஞ்சள் மங்கிப் போய், மடிச்ச இடத்துல கிழிஞ்சு, அத்தைப்பாட்டி கல்யாணப் பத்திரிகை. மணமகள் பேருக்கு மேல "காலஞ்சென்ற" அப்படின்னு போட்டு, அந்த வேற பேர், அவர்களின் குமாரத்தின்னு இருக்கு. கீழ, "தங்கள் நல்வரவை விரும்பும்"னு போட்டு, எங்க கொள்ளுத்தாத்தா பேர்.

ரெண்டு பேரும் ஒரே காகிதத்துல. இது ஆபீஸ்காரன் எழுதினது இல்ல. குடும்பமே உக்காந்து சொல்லி, காசு குடுத்து அச்சடிச்சு, ஊருக்கெல்லாம் குடுத்தது. அதாவது 1958ல தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும். 1970ல கப்பல்ல வரும்போது எங்கயோ கடல்ல விழுந்துருக்கு அந்த விஷயம்.

அப்ப அந்த முதல் ஆள் எங்க போனாரு? 1939ல மகள் பொறந்தப்போ இருந்தவர் 1958ல காலஞ்சென்றவர். நடுவுல ஜப்பான்காரன் காலம்.

சயாம் மரண ரயில் பத்திப் பல பேர் படத்துல பாத்திருப்பீங்க. படத்துல வர்றது வெள்ளைக்காரக் கைதிங்க. சயாம்லயிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல தண்டவாளத்தைச் சேத்துட்டாங்க. அதுல செத்த போர்க் கைதிகள் 12,000க்கு மேல. ஆசியத் தொழிலாளிகள், அதாவது பர்மாக்காரங்க, மலாய்க்காரங்க, ஜாவாக்காரங்க, ரப்பர் தோட்டத்துத் தமிழங்க, இவங்கள்ல செத்தவங்க ஏறக்குறைய 90,000 பேர்னு ஒரு மதிப்பீடு. தோட்டத்துக்கு லாரி வரும், வீட்டுக்கு ஒரு ஆள்னு ஏத்திட்டுப் போவாங்க.

நான் காஞ்சனபுரி போர்க் கல்லறையோட ஆன்லைன் பட்டியலைப் பாத்தேன். அங்க மட்டும் கிட்டத்தட்ட 7,000 சமாதி. பேரைத் தட்டுனா பதவி, படைப்பிரிவு, இறந்த தேதி, எந்த வரிசையில எந்தக் கல்லுன்னு வருது. ரெண்டு கிளிக். தோட்டத்துல இருந்து போனவங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் கிடையாது. செத்த இடத்துலயே குழியில போட்டாங்க, இல்ல எரிச்சாங்க. பட்டியல் எழுத யாரும் உக்காரல. எழும்பூர் ஆவணக் காப்பகத்துலயும் ரெண்டு நாள் உக்காந்தேன். எத்தனை பேர் போனாங்க, எத்தனை பேர் வந்தாங்கன்னு வருஷா வருஷம் எண்ணிக்கை இருக்கு. பேர் இல்ல.

ஆக, அந்த மனுஷன் செத்துட்டாருன்னு என் கைக்குக் கிடைச்ச ஒரே காகிதம் அவர் மகளோட கல்யாணப் பத்திரிகை. "காலஞ்சென்ற"ங்கிற அந்த ஒரு வார்த்தை.

இப்ப நான் ஒரு சின்னத்தனமான வேலை பண்ணேன், ஒத்துக்கிறேன். அப்பாவை ஜெயிக்கிறதுக்குத் தேதிகளை அடுக்க ஆரம்பிச்சேன். என் மனசுக்குள்ள ஒரு கதை ரெடியா இருந்தது. அப்பாயி புருஷனுக்காகக் காத்திருந்தாங்க, சண்டை முடிஞ்சது, போனவங்க திரும்பி வந்தாங்க, அவர் வரல, அதுக்கப்புறம்தான் மறுமணம். இப்படிச் சொன்னா அப்பாவால ஒரு வார்த்தை பேச முடியாதுல்ல? கண்ணியமான ரெண்டாம் கல்யாணம்!

தாத்தா பிறப்புச் சான்று: 1946 மார்ச். விரல் விட்டு எண்ணுங்க. ஒன்பது மாசம் பின்னாடி போனா 1945 ஜூன். ஜப்பான் சரணடைஞ்சது ஆகஸ்ட் 15. வெள்ளைக்காரன் மறுபடி வந்து இறங்குனது செப்டம்பர். சயாம்ல மிச்சம் இருந்தவங்க திரும்பி வந்தது அதுக்கும் அப்புறம்.

அப்பாயி காத்திருக்கல. கதை உடைஞ்சுபோச்சு. ஒரு வாரம் ஷீட்டையே திறக்கல. யோசிச்சுப் பாத்தா அசிங்கமா இருக்கு. அக்காவுக்காக வாதாடப் போன ஆள், 80 வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொம்பள எத்தனை மாசம் காத்திருந்தான்னு காலண்டர்ல எண்ணிட்டு இருந்திருக்கேன். அக்காகிட்ட சொன்னதுக்கு அவ திட்டினா. "என் கல்யாணத்துக்குச் செத்துப்போன பாட்டியைச் சாட்சிக்குக் கூப்பிடாதடி"ன்னா.

கடைசியா, முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன். அத்தைப்பாட்டிக்கு வாட்ஸ்அப்ல வீடியோ கால். அங்க ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால இங்க காலையில ஏழரைக்கு. அவங்க பேரன் போனைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாரு. எனக்கு எப்படிக் கேக்குறதுன்னே தெரியல. "உங்க அப்பா..."ன்னு ஆரம்பிச்சேன்.

"எந்த அப்பா கேக்குற கண்ணு? சயாம் அப்பாவா, சோறு போட்ட அப்பாவா?"

அவ்வளவு சாதாரணமா கேட்டாங்க. ரகசியமே இல்ல. யாரும் கேக்கல, அவங்களும் சொல்லல.

லாரி வந்தப்போ அவங்களுக்கு நாலு வயசு. அப்பா முகம் ஞாபகம் இல்லையாம். லாரி ஞாபகம் இருக்காம், பின்பலகை மேல தட்டுன சத்தம். அதுக்கப்புறம் ஒரு வருஷம் கழிச்சு அதே லயத்துல இருந்து போன ஒருத்தர் திரும்பி வந்தாராம். ஓடி வந்தாரா, சீக்காளின்னு விட்டுட்டாங்களான்னு தெரியாது. கால்ல புண்ணு, முழங்காலுக்குக் கீழ துணி சுத்தியிருந்ததாம். அவர்தான் சொல்லியிருக்காரு. வாந்திபேதி, ரெண்டே நாள்னு. "அம்மா அழுதுச்சா பாட்டி?"ன்னு கேட்டேன். "தண்ணி குடுத்தீங்களான்னு கேட்டுச்சு. அது மட்டும்தான் எனக்குத் தெரியும்"னாங்க.

அப்புறம் பசி. அரிசி கிடையாது, மரவள்ளிக் கிழங்குதான். பால் மரம் வெட்ட யாரும் சொல்லல, ஏன்னா ரப்பர் வாங்க ஆள் இல்ல, அதனால கூலி இல்ல. ஜப்பான்காரன் வாழைமரப் படம் போட்ட நோட்டு அடிச்சான், சாக்குல கொண்டு போனாலும் ஒண்ணும் வாங்க முடியல. அப்பாயி கழுத்துல இருந்த தாலிக் காசு ரெண்டு படி அரிசிக்குப் போச்சாம். பக்கத்து வீட்டுல தனியா இருந்தவர்தான் எங்க கொள்ளுத்தாத்தா. லயத்துக்குப் பின்னாடி நிலத்தைக் கொத்திக் கிழங்கு போட்டிருந்தாராம். முதல்ல கிழங்கு வந்தது, அப்புறம் அவரே வந்தாரு. இதைச் சொல்லிட்டு அத்தைப்பாட்டி பொக்கை வாயோட சிரிச்சாங்க.

"கல்யாணம் எப்ப பாட்டி நடந்துச்சு?" என் ஷீட்ல அந்தக் கட்டம் மட்டும் காலியா இருக்கே!

"என்ன கல்யாணம்? மாரியம்மன் கோயில்ல மஞ்சக் கொம்பைக் கயித்துல கட்டுனாரு. நான் பக்கத்துல நின்னேன். எந்த மாசம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பதிவு எல்லாம் கிடையாது. மலேசியாவுல முஸ்லிம் அல்லாதவங்க எல்லாரும் கல்யாணத்தைக் கட்டாயம் பதியணும்னு சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1982 மார்ச்லதான். அறுத்துக் கட்டுற வழக்கம் நம்ம ஊர்ப் பக்கமும் எத்தனையோ சாதிகள்ல இருந்ததுதான். கொஞ்சம் நிலம், கொஞ்சம் படிப்பு வந்ததும் அந்த வழக்கம் போச்சு. அது இருந்ததுங்கிற ஞாபகமும் கூடவே போச்சு. இது என் கருத்து, அப்பாவோடது இல்ல.

கடைசியா இனிஷியல் கேட்டேன். சண்டை முடிஞ்சு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் அப்பா பேர் கேட்டிருக்காரு. கூட்டிட்டுப் போனது கொள்ளுத்தாத்தா. அவர் சயாம் போனவர் பேரைச் சொல்லியிருக்காரு. வாத்தியார், "நீங்கதானே இப்ப அப்பா, உங்க பேரையே போட்டுக்கலாமே"ன்னாராம். "அந்தாளுக்குன்னு மிச்சம் இருக்கிறது இந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் நான் எடுத்துக்கிட்டா எப்படி?"ன்னு கேட்டாராம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போதும் அச்சாபீஸ்ல அதையேதான் சொன்னாராம்.

அந்த 40 நிமிஷ ரெக்கார்டிங்கை அப்பாவுக்கு அனுப்பினேன். மூணு நாள் நீல டிக் வரல. நாலாம் நாள் ராத்திரி சாப்பிடும்போது, யாரும் கேக்காமலே சொன்னாரு: "அப்பாயி கழுத்துல நான் தங்கம் பாத்ததே இல்ல. மஞ்சக் கயிறுதான். அப்பா எத்தனையோ தடவை செஞ்சு தர்றேன்னு சொன்னாரு, வேண்டாம்னுருச்சு. சிக்கனம்னு நினைச்சேன்."

அக்கா கல்யாணத்தைப் பத்தி அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல. அக்கா அவர் சொல்றதுக்காகக் காத்திருக்கவும் இல்ல, ஆவணியில நாள் பாத்தாச்சு. ஆனா ஞாயித்துக்கிழமை காலையில ஏழரைக்கு இப்ப எனக்கு முன்னாடி அப்பாதான் போனை வச்சுட்டு உக்காந்திருக்காரு. போன வாரம் அத்தைப்பாட்டிகிட்ட சயாம் போனவர் எப்படி இருப்பாரு, குட்டையா நெட்டையான்னு கேட்டாரு. கூடத்துல மாட்ட அவர் போட்டோ ஒண்ணும் இல்ல. 1958 பத்திரிகையை நல்ல ஸ்கேன் எடுத்து ஏ4ல பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லியிருக்காரு. கண்ணாடி போடுற கடையில குடுத்திருக்கோம், புதன்கிழமை கிடைக்கும்.

அடுத்த எபிசோடுல பழைய காகிதங்களை மொபைல்லயே எப்படி ஒழுங்கா ஸ்கேன் பண்றதுன்னு பாப்போம். லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, அது ஏன்னு அப்ப சொல்றேன். பை மக்களே.